நெட் வருது… ஆனால் டிவியும் லேண்ட்லைனும் வரலையா? ரவுட்டருக்குள் நடப்பது என்ன?

புது வைஃபை ரவுட்டர் வாங்கி மாட்டியாச்சு. பழைய ஃபைபர் பெட்டியை 'பிரிட்ஜ் மோடு'க்கு மாற்றியாச்சு. மொபைலில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் நம்பர் சும்மா எகிறுது. அடுத்த அஞ்சாவது நிமிஷம் ஹாலில் இருந்து அப்பாவின் குரல்: "என்னப்பா, சேனல் எதுவும் வரலை?" பின்னாடியே அம்மா: "லேண்ட்லைன்ல டயல் டோனே இல்லையே!"

கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், "நெட் வருதுல்ல சார்? அப்போ லைன்ல பிரச்னை இல்லை. உங்க ரவுட்டரைப் பாருங்க" என்று பதில் வரும். ரவுட்டர் விற்ற கடையில் கேட்டால், "அது கம்பெனிக்காரங்க பிரச்னை தம்பி" என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது பாதி உண்மை. நடுவில் மாட்டிக்கொள்வது வீட்டில் இருப்பவர்கள்தான்.

இன்றைக்கு ஃபைபர் கனெக்‌ஷன் என்பது வெறும் இன்டர்நெட் மட்டும் இல்லை. லேண்ட்லைன், டிவி சேனல்கள், ஓடிடி, ஸ்டாட்டிக் ஐபி என்று பல சேவைகள் ஒரே பில்லில் வருகின்றன. நெட் ஒழுங்காக ஓடும்போதே இவற்றில் ஒன்று மட்டும் நின்றுபோவது ஏன்? வீட்டிலேயே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம்? எங்கே நிறுத்திவிட்டு கம்பெனியைக் கூப்பிட வேண்டும்?

ஒரே கண்ணாடி இழை, தனித்தனி பாதைகள்

சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியின் பெயர் 'ஓஎன்டி'. கண்ணாடி இழையில் வரும் ஒளியை நெட்வொர்க் சிக்னலாக மாற்றுவது இதன் வேலை. வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பரவலாகப் பயன்படும் தொழில்நுட்பம் 'ஜிபான்'. இதில் ஒரே இழை பல வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. சுமார் 2.5 ஜிபிபிஎஸ் டவுன்லோடு, 1.25 ஜிபிபிஎஸ் அப்லோடு திறனை அந்த வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன.

இழை ஒன்றுதான் என்றாலும், அதற்குள் இன்டர்நெட்டுக்கு ஒரு பாதை, போனுக்கு ஒரு பாதை, சில நிறுவனங்களில் டிவிக்கு இன்னொரு பாதை என்று பிரித்து வைத்திருப்பார்கள். இதற்கு 'விலான்' என்று பெயர். ஒரே ரோட்டில் பஸ்ஸுக்குத் தனி லேன், பைக்குக்குத் தனி லேன் போடுவது மாதிரி. ஒவ்வொரு லேனுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணும் அதற்கான அமைப்புகளும் கம்பெனி கொடுத்த பெட்டிக்குள் பதிவாகியிருக்கும்.

நீங்கள் கடையில் வாங்கிய ரவுட்டருக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது இன்டர்நெட் பாதை மட்டும்தான். அதனால்தான் நெட் வரும், மற்றவை வராது. கஸ்டமர் கேர் சொல்லும் 'லைன் நல்லா இருக்கு' என்பதும் இதனால்தான் உண்மையாகவும் இருக்கிறது, உதவாமலும் போகிறது.

முதலில் எந்த வகைப் பிரச்னை என்று பாருங்கள்

'கூடுதல் சேவை' என்று பில்லில் ஒரே வரியில் இருந்தாலும், தொழில்நுட்ப ரீதியில் இவை நான்கு வகை.

1. லேண்ட்லைன்: ஓஎன்டிக்குள்ளேயே இயங்கும்.
2. கம்பெனியின் சொந்த நெட்வொர்க்கில் வரும் டிவி: வெளி இன்டர்நெட்டைத் தொடாமலே வரும்.
3. ஓடிடி: சாதாரண இன்டர்நெட்டில்தான் வரும். கம்பெனி தருவது சந்தா மட்டுமே.
4. வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பு: சிசிடிவியை ஆபீஸிலிருந்து பார்ப்பது, ஸ்டாட்டிக் ஐபி போன்றவை.

இதில் மூன்றாவது வகைக்கும் ரவுட்டருக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. 'பிளானில் ஓடிடி ஃப்ரீ' என்றாலும், பதிவு செய்த மொபைல் எண்ணில் லாகின் செய்து ஆக்டிவேட் செய்தால்தான் பல பிளான்களில் சந்தா தொடங்கும். அந்த எண் வீட்டில் யாருடையது என்று தெரியாமலே பலர் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டிருப்பார்கள். முதலில் கம்பெனியின் ஆப்பில் பதிவாகியிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

விளக்குகள் என்ன சொல்கின்றன?

எதையும் கழற்றுவதற்கு முன் ஓஎன்டியின் விளக்குகளைப் பார்ப்பது நல்லது. 'பான்' விளக்கு பச்சையில் நிலையாக எரிந்தால் ஃபைபர் நல்லபடியாக இருக்கிறது. 'லாஸ்' விளக்கு சிவப்பில் எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வந்து சேரவில்லை. வீட்டுக்குள் எந்த செட்டிங்கை மாற்றினாலும் பயனில்லை, டெக்னீஷியன்தான் வர வேண்டும். ஃபைபர் ஒயர் எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆபத்தானது.

பான் விளக்கு சரி, போன் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், இன்டர்நெட் பாதை சரி, குரல் பாதைதான் கோளாறு. கஸ்டமர் கேரில் "போன் வரலை" என்று சொல்வதைவிட, "பான் விளக்கு பச்சை, போன் விளக்கு எரியலை, குரல் சேவை ரிஜிஸ்டர் ஆகலை" என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி நகரும்.

லேண்ட்லைன் ஏன் செத்துப்போனது?

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனும் ஃபைபர் லேண்ட்லைனும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு வேறு. ஃபைபரில் உங்கள் குரல் டேட்டாவாக மாறிப் போகிறது. அதற்கு 'சிப்' என்ற முறையில் ஓஎன்டி தன்னை கம்பெனியின் சர்வரில் பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் எண், பாஸ்வேர்டு, சர்வர் முகவரி எல்லாம் ஓஎன்டியின் உள்ளே இருக்கும். அந்தப் பதிவு நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் டயல் டோன் வராது.

வழக்கமாக இது நடப்பது மூன்று தருணங்களில்: ஓஎன்டியை ரீசெட் செய்தபோது, புது ஓஎன்டி மாற்றியபோது, பிரிட்ஜ் மோடுக்கு மாற்றும்போது குரல் பாதையும் சேர்ந்து அழிந்தபோது. மூன்றுக்கும் வீட்டில் தீர்வு இல்லை. சிப் பாஸ்வேர்டு கம்பெனியிடம்தான் இருக்கும்.

வீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. போன் ஒயர் ஓஎன்டியின் போன் போர்ட்டில் இருக்கிறதா? அது லேன் போர்ட்டைவிடச் சிறியது. அவசரத்தில் லேன் போர்ட்டிலேயே சொருகிவிடுபவர்கள் உண்டு.

மொபைலில் லேண்ட்லைன் பேசும் ஆப் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. அந்த ஆப்பில் ரிங் வருகிறது, எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது என்றால், உங்கள் சொந்த ரவுட்டரின் 'சிப் ஏஎல்ஜி' என்ற வசதியை ஆஃப் செய்து பாருங்கள். உதவி செய்வதாக நினைத்து அழைப்புத் தகவலைக் குழப்பிவிடும் வசதி அது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் கரண்ட். செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும். அதனால் கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபரில் அது கிடையாது. ஓஎன்டி அணைந்தால் போனும் அணைந்துவிடும். வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில், 108-க்கோ 112-க்கோ கூப்பிட லேண்ட்லைனை மட்டும் நம்பியிருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. பெரும்பாலான ஓஎன்டிகள் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. அதற்கென்றே சிறிய ரவுட்டர் யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

டிவி: நாலு நிமிஷம் ஓடி நின்றுபோகும் மர்மம்

கம்பெனியின் சொந்த நெட்வொர்க்கில் வரும் டிவிக்கு அண்மைய உதாரணம் பிஎஸ்என்எல்லின் 'ஐஎஃப்டிவி'. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இந்தச் சேவை, முதலில் மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் தொடங்கியது. 500-க்கும் மேற்பட்ட சேனல்கள் ஃபைபர் வழியாக ஆண்ட்ராய்டு டிவிக்கு வரும். இதற்கான டேட்டா, பிளானின் டேட்டா கணக்கில் கழியாது.

டேட்டா கழியாதது எப்படி? சேனல்கள் வெளி இன்டர்நெட்டுக்குப் போகாமல் நிறுவனத்தின் உள் நெட்வொர்க்கிலேயே வருகின்றன. டேட்டாவுக்குப் பாரபட்சமான கட்டணம் கூடாது என்று 2016 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்த விதிமுறையிலும், இப்படி மூடிய நெட்வொர்க்கில் தரப்படும் சேவைகளுக்கு விலக்கு இருக்கிறது.

ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. இப்படிப்பட்ட சேவைக்கு, நீங்கள் அந்த நிறுவனத்தின் ஃபைபரில்தான் இருக்கிறீர்கள் என்று அதன் நெட்வொர்க்குக்குத் தெரிய வேண்டும். டிவியை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தாலோ, ரவுட்டரில் விபிஎன் போட்டாலோ வெளியாள் ஆகிவிடுவீர்கள். யூடியூப் ஓடும், சேனல் ஓடாது.

செட்டாப் பாக்ஸுடன் வரும் ஐபிடிவியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு சேனலை ஆயிரம் வீடுகள் பார்த்தால் ஆயிரம் நகல் அனுப்பாமல், ஒரே ஓட்டமாக அனுப்பி, கேட்பவர்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள். இது 'மல்டிகாஸ்ட்'. 'எனக்கு இந்தச் சேனல் வேண்டும்' என்று செட்டாப் பாக்ஸ் கை தூக்கிச் சொல்லும் முறைக்கு 'ஐஜிஎம்பி' என்று பெயர். நடுவில் இருக்கும் ரவுட்டருக்கு இந்த மொழி புரியாவிட்டால் சேனல் வராது.

அல்லது இன்னும் எரிச்சலாக, வந்துவிட்டு நின்றுபோகும். இந்த முறையின் வழக்கமான அமைப்பில், 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று 125 நொடிக்கு ஒரு முறை கேள்வி போகும். சுமார் 260 நொடிகள் வரை பதில் வராவிட்டால் சேனல் துண்டிக்கப்படும். ஆகவே, ஒவ்வொரு முறையும் நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடிவிட்டு படம் உறைந்தால், அது ஸ்பீடு பிரச்னை அல்ல. கேள்வி பதில் எங்கோ தொலைகிறது. பெரிய பிளானுக்கு மாறினாலும் இது தீராது.

செய்ய வேண்டியவை:

• செட்டாப் பாக்ஸை லேன் கேபிளில் நேராக ஓஎன்டியில் சொருகிப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி உங்கள் ரவுட்டர்.
• சில ஓஎன்டிகளில் டிவிக்கென்று ஒரே ஒரு லேன் போர்ட்டை மட்டும் ஒதுக்கியிருப்பார்கள். எந்த போர்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
• ரவுட்டரில் 'ஐபிடிவி' என்ற பகுதி இருந்தால், ஐஜிஎம்பி பிராக்ஸி, ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். விலான் எண் கேட்டால் ஊகித்துப் போடாதீர்கள், கம்பெனியிடம் கேளுங்கள்.
• மல்டிகாஸ்ட் வைஃபையில் சரியாக ஓடாது. எல்லாச் சாதனங்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக ரவுட்டர் அதை மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பும். டிவிக்கு கேபிள்தான் பாதுகாப்பு.

டிஎன்எஸ், விபிஎன்: நாமே வைத்த வினை

'நெட் ஸ்பீடு ஆகும்' என்று யாரோ சொன்னதால் ரவுட்டரில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று டிஎன்எஸ் மாற்றியிருப்பீர்கள். அதில் தப்பு இல்லை. ஆனால் கம்பெனியின் உள் சேவைகளின் முகவரிகள், அந்தக் கம்பெனியின் டிஎன்எஸ்ஸுக்கு மட்டும் தெரிந்தவையாக இருக்கலாம். கூகுளிடம் கேட்டால் 'அப்படி ஒரு முகவரியே இல்லை' என்று பதில் வரும்.

ஒரு நாள் மட்டும் டிஎன்எஸ்ஸை 'ஆட்டோ'வுக்கு மாற்றிப் பாருங்கள். மொபைலில் 'பிரைவேட் டிஎன்எஸ்' ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9-லிருந்து இந்த வசதி இருக்கிறது. ஐபோனில் 'பிரைவேட் ரிலே', லேப்டாப்பில் ஆபீஸ் விபிஎன் ஆகியவையும் இதே குழப்பத்தைச் செய்யும்.

இரண்டு ரவுட்டர், ஒரே முகவரி

பல வீடுகளில் ஓஎன்டியே ஒரு ரவுட்டர்தான். அதன் பின்னால் இன்னொரு ரவுட்டர் வைத்தால் இரண்டு வாட்ச்மேன்கள் இருக்கும் வீடு மாதிரி ஆகிவிடும். இரண்டின் முகவரியும் 192.168.1.1 என்று இருந்தால் குழப்பம் இன்னும் அதிகம். கம்பெனி பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறக்கப் போனால் உங்கள் ரவுட்டர் பக்கம்தான் திறக்கும்.

எளிய வழி, உங்கள் ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட் மோடு'க்கு மாற்றுவது. அப்போது அது வைஃபை மட்டும் தரும், போக்குவரத்தை ஓஎன்டியே கவனிக்கும். டிவி, போன் பாதைகள் அப்படியே இருக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். பிரிட்ஜ் மோடு தேவைப்படுவது, கேமிங், சொந்த சர்வர் என்று குறிப்பான காரணம் இருப்பவர்களுக்குத்தான்.

சிசிடிவி வெளியிலிருந்து தெரியவில்லையா?

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் உங்கள் வெளி ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், நீங்கள் பல வாடிக்கையாளர்களோடு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு இது. இதில் 'போர்ட் ஃபார்வர்டிங்' எத்தனை முறை செய்தாலும் வேலைக்கு ஆகாது. ஐபிவி6 இருக்கிறதா என்று பார்க்கலாம், கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம், அல்லது கிளவுட் வழியாக இயங்கும் கேமராவுக்கு மாறலாம்.

குண்டூசியைக் கீழே வையுங்கள்

ஓஎன்டியின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியால் அழுத்தினால் 'ஃபேக்டரி ரீசெட்'. வெறும் ஆஃப், ஆன் வேறு, இது வேறு. லாகின் பெயர், பாஸ்வேர்டு, விலான் எண், போன் பதிவு எல்லாமே அழிந்துவிடலாம். சில நிறுவனங்களின் பெட்டி, தூரத்திலிருந்தே அமைப்புகளைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். சிலவற்றில் டெக்னீஷியன் வரும்வரை நெட்டே இருக்காது. திங்கள்கிழமை காலை மீட்டிங் இருப்பவர்கள் ஞாயிறு இரவு இந்த விஷப்பரீட்சை செய்யாதீர்கள்.

எந்த செட்டிங்கையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

யார் பொறுப்பு? எங்கே புகார்?

பில்லில் லேண்ட்லைனுக்கோ டிவிக்கோ பணம் வாங்கினால், அதைத் தருவது நிறுவனத்தின் கடமை. ஓஎன்டி வரை சேவை வருகிறதா என்பதே கேள்வி. அதனால் உங்கள் ரவுட்டரைக் கழற்றிவிட்டு, போனையும் செட்டாப் பாக்ஸையும் நேராக ஓஎன்டியில் இணைத்துச் சோதித்த பிறகு புகார் கொடுங்கள். "உங்க ரவுட்டர்தான் காரணம்" என்ற பதிலுக்கு அப்போது இடம் இருக்காது.

2012-ஆம் ஆண்டின் டிராய் விதிமுறைப்படி, புகாருக்கு ஒரு டாக்கெட் எண் தர வேண்டும். தீர்வு திருப்தி இல்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் போகலாம். அது 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் நீதிமன்றமும் திறந்தே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'சேவை' என்பதற்குள் டெலிகாமும் அடங்கும். டெலிகாம் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்தது.

இது வெறும் செட்டிங் பிரச்னையா?

ஜெர்மனியில் ஒரு காலத்தில் நிறுவனங்கள் தங்கள் ரவுட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்கே சட்டம் மாறியது. வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த ரவுட்டரைப் பயன்படுத்தலாம், இன்டர்நெட்டுக்கும் போனுக்கும் தேவையான லாகின் விவரங்களை நிறுவனம் கேட்காமலே தர வேண்டும். இத்தாலியும் 2018-இல் இதேபோன்ற உத்தரவைப் பிறப்பித்தது.

அங்கே சிப் பாஸ்வேர்டு வாடிக்கையாளரின் கையில். இங்கே அது கேட்டாலும் எளிதில் கிடைக்காத ரகசியம். இந்த வித்தியாசம்தான் நம் வீட்டு ரவுட்டரில் கோளாறாகத் தெரிகிறது. சேவைகள் எல்லாம் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தால், நெட் மோசமாக இருந்தாலும் வேறு நிறுவனத்துக்கு மாறத் தயங்குவோம். மொபைல் எண்ணைப்போல லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் வசதியும் இந்தியாவில் இல்லை. இருபது வருஷமாக உறவினர்கள் எல்லோரிடமும் இருக்கும் எண்ணை விட்டுவிட்டுப் போக எந்த அம்மாவுக்கு மனசு வரும்?

அதனால் அடுத்த முறை புது கனெக்‌ஷன் எடுக்கும்போது, எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்பதோடு நிறுத்தாமல் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். சொந்த ரவுட்டர் வைத்தால் டிவியும் போனும் ஓடுமா? பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தருவீர்களா? டிவிக்கு எந்த போர்ட்? கரண்ட் போனால் லேண்ட்லைனுக்கு என்ன வழி? பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெக்னீஷியன் பெட்டியை மாட்டிவிட்டுக் கிளம்பும் முன், அப்பாவின் சேனலையும் அம்மாவின் டயல் டோனையும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.